கடைமடையில் ஒன்பது பார்

எட்டாயிரத்துக்குள் என்று பேசி வைத்திருந்தோம்.
ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்ததில்
பைக் டயர் போக மிஞ்சியது அவ்வளவுதான்.
பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
மெஷின் பெயர்களை எழுதிக்கொண்டே வந்தாய்,
ஒவ்வொன்றின் எதிரிலும் விலை, வாட், எடை,
ஒன்றின் எதிரில் மட்டும் "அழகு".

இந்த ஆசை பிடித்த இடம்
திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம்.
ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள்.
லிஃப்ட் இறங்கும்வரை நாம் பேசவில்லை.
வெளிவாசலுக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கடை,
நூற்று நாற்பது ரூபாய்க்கு
ஆளுக்கு இரண்டு வாய் கசப்பு.
உன் மீசையில் பொன்னிறமாய் ஒரு நுரைக்கோடு.
"இதுக்குப் போயா" என்றாய்.
பிறகு கோப்பையின் அடியை விரலால் வழித்தாய்.

பதினைந்து பார் என்று
பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது ஒன்று.
மன்னார்குடிக் கடையில் ஜபருல்லா அதைத்
தர்பூசணி போலத் தட்டிக் காட்டினார்.
ஒன்பது போதும் பாய், மீதி ஆறும் விளம்பரம்
என்றாய் நீ, அவரே சிரித்துவிட்டார்.
நீ ஷட்டர் திருகும் லஸ்கர்.
தண்ணீரின் தள்ளுவிசை பற்றி
உன்னிடம் யாரும் கதை விட முடியாது.
மேட்டூரில் திறந்தது
முள்ளியாற்றுக்கு வந்து சேர்கையில்
ஒரு தவளையைக்கூட நகர்த்தாது என்பதை
வருஷா வருஷம் அளவுகோலில் படித்து
மேலே எழுதி அனுப்புகிறவன்.

ஆயிரத்து முந்நூற்றைம்பது வாட்.
அதையும் வட்டமிட்டோம்.
பிறகு, போர்செட்டுகள் ஓடும் நாளில்
நம் தெருவிளக்கு எரியும் நிறம்
நினைவுக்கு வந்தது.
மாவு கிரைண்டரே அன்றைக்கு
அரைமனதாய்த்தான் சுற்றும்.

அப்புறம் தண்ணீர்.
கெட்டிலின் அடியிலிருந்து வெள்ளைச் செதிளைச் சுரண்டி
நோட்டின் மேலேயே வைத்தேன்.
திருத்துறைப்பூண்டிக்குக் கடல்
கூப்பிடு தூரமில்லை,
ஆனாலும் நிலத்தடியில் நடந்து வந்துவிடுகிறது.
உள்ளே இருக்கும் அந்தச் சின்னக் குழல்
ஒரு கோடை தாங்குமா?
சர்வீஸ் சென்டர் கோயம்புத்தூரில்.
"அழகு" என்று எழுதியதை நீயே அடித்தாய்.

வாங்கியது
ஓரத்தில் பென்சிலில் இருந்ததை.
வயர் கிடையாது, பம்ப் கிடையாது.
ஒரு இரும்புக் குழாய், இரண்டு கைப்பிடி,
வெந்நீர் ஊற்றித் தோளால் அழுத்த வேண்டும்.
ஏழாயிரத்து இருநூறு.
பக்கத்து வீட்டுப் பிலோமினா வந்து பார்த்து
"முறுக்குப் பிழியவா?" என்றாள்.

காப்பித்தூள் கடையில்,
சிக்கரி எவ்வளவு?
வேண்டாம்.
இருபதாவது?
வேண்டாங்க.
பத்து போடுறேன், இல்லாட்டி டிக்காஷன் நிக்காது.
துக்கம் விசாரிக்கும் முகத்தோடு பார்த்தார்.
மாவா ரவையா என்றார்.
இரண்டுக்கும் நடுவில் என்றேன்,
எந்த இடம் அந்த நடு என்று எனக்கும் தெரியாமல்.

முதல் நாள், உடைப்பெடுத்த கரைபோல
நாலே விநாடியில் எல்லாம் கொட்டிவிட்டது.
இரண்டாம் நாள் இன்னும் சன்னமாய் அரைத்து வந்தேன்.
தொங்கி அழுத்தியும் ஒரு சொட்டு இறங்கவில்லை.
"இதுதான் நம்ம வாய்க்கால்" என்றாய்.
சிரித்ததில் எனக்குப் புரையேறியது.

மூன்றாம் நாள் நான் அழுத்துகிறேன்.
ஷட்டரின் சுற்றுகளை எண்ணுவதுபோல
நீ விநாடிகளை எண்ணுகிறாய்.
ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட
இடதுபக்கத் தோளையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.
அதைப் பார்க்காமல் நீ கோப்பையையே பார்க்கிறாய்.
எலிவால் கனத்தில் இறங்குகிறது,
கருப்பாய், பிறகு செம்பழுப்பாய்.
இருபத்தாறு, இருபத்தேழு.

புளிக்கிறது என்றாய்.
புளிக்கத்தான் செய்தது.
நாளை வெந்நீர் இன்னும் கொதிக்கட்டும் என்று
நோட்டில் எழுதினேன்,
பால்காரருக்கான பாக்கிக்குக் கீழே.